ஐ7 என்று சொன்னால் போதுமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் சிறிய அலுவலகத்தை உதவியாளர் இல்லாமல் நானே நடத்துகிறேன். டேலி, எக்செல், ஜிஎஸ்டி தாக்கல், மின்னஞ்சல் ஆகியவையே என் அன்றாட வேலை. ஒரு கடையில் ‘ஐ7, 16 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க்’ உள்ள பழைய கணினியை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் புதிய ஐ3 கணினியே கிடைக்கும். எதை வாங்கலாம்?

பதில்: ஐ7 என்று சொன்னவர் அதற்கு அடுத்து வரும் எண்ணைச் சொல்லவில்லை, விஷயமே அந்த எண்ணில்தான் இருக்கிறது. அது ஐ7-4770 என்றால் 2013-இல் வெளிவந்த நான்காம் தலைமுறைச் செயலி (கணினியின் மூளையான புராசஸர்). ஐ3-12100 என்பதோ 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டிலும் கோர்கள் (செயலிக்குள் கணக்கிடும் பகுதிகள்) நான்குதான் என்றாலும், உங்கள் வேலைகளில் ஐ3-தான் முந்தும். மின்சாரத்தையும் குறைவாகவே இழுக்கும்.

வேகத்தைக்கூட விட்டுவிடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் செயலிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கப்படுகிறது. பழைய கணினியிலும் அதை எப்படியாவது ஏற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்லக்கூடும், ஆனால் பிறருடைய பான் எண்களும் வங்கி விவரங்களும் இருக்கப்போகும் கணினியில் அந்தக் குறுக்குவழி வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆகவே ஐ3-ஐயே வாங்குங்கள். செயலியின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை: அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருக்காது என்பதால், தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும். ரேம் 8 ஜிபி போதும். பின்னாளில் கூட்டிக்கொள்ள மதர்போர்டில் இன்னொரு இடம் காலியாக இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) கேளுங்கள், ஏனெனில் கணினி திறப்பதிலும் டேலி தொடங்குவதிலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் அதனால்தான் வரும். அசெம்பிள் செய்து வாங்கினால் கணினிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 600 விஏ யுபிஎஸ் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள்.

புதியது எட்டாத விலையாக இருந்தால், நிறுவனங்கள் கழித்துவிட்ட கணினிகளில் ஐ5-8500 போன்ற எட்டாம் தலைமுறைக்குக் குறையாததைத் தேடலாம்.

செயலியின் முழு எண், எஸ்எஸ்டியின் அளவு, விண்டோஸ் உரிமம், வாரண்டிக் காலம் ஆகிய நான்கும் பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகக் கோர அது உதவும். ‘தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்று பின்னர் யாராவது வாதிட்டால் தயங்க வேண்டாம். வணிக நோக்கில் வாங்குவோரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கினாலும், சுயதொழிலால் பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. முறையிட வேண்டி வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்போது அந்தப் பில் கையில் இருக்கட்டும்.