பழைய மோட்டார் போட்டை வாங்கி விற்கலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, நான் நோர்வூட்டில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். ஆட்டோவும் பைக்கும் திருத்துவேன். காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் ஒருவரிடம் 18 அடி பைபர் போட் ஒன்று 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு விலைக்கு இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் பழசு, நீர்கொழும்பிலிருந்து வந்ததாம், ஒரு வருடமாக ஓடவில்லை. ஆறு இலட்சம் கேட்கிறார். கடன் எடுத்து வாங்கித் திருத்தி, நுவரெலியா சீசனுக்கு முன்னால் எட்டு இலட்சத்துக்கு விற்கலாம் என்று யோசிக்கிறேன். சரிவருமா?

பதில்: தம்பி, போட்டைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், யாருக்கு விற்பீர்கள் என்று எழுதவில்லையே. நீர்கொழும்பிலோ கற்பிட்டியிலோ ஒரு போட் விலைக்கு வந்தால் பார்க்க நாலு பேர் வருவார்கள். மலைநாட்டில் மோட்டார் போட் வாங்க ஆள் குறைவு. நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் துடுப்புத் தோணியோடு சமாளித்துக்கொள்கிறார்கள். மிச்சம் நுவரெலியா கிரகரி வாவியில் பயணிகளை ஏற்றுகிறவர்களும், நீர்த்தேக்கக் கரையில் விடுதி நடத்துகிற சிலரும்தான். பயணிகளை ஏற்றுகிறவர் சத்தமும் புகையும் குறைந்த போர் ஸ்ட்ரோக்கைத்தான் முதலில் தேடுவார்.

அதனால் நான் சொல்வது இதுதான். எஞ்சினை மட்டும் கழற்றி விற்றால் எவ்வளவு போகும் என்று நீர்கொழும்பில் இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். அந்தத் தொகைக்குள் முழு போட்டும் வந்தால் வாங்குங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். போட்டின் உடம்புக்கென்று ஒரு சதமும் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

கடன் என்கிறீர்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபா வட்டி என்று வைத்தாலே ஆறு இலட்சத்துக்கு மாதம் 12,000 ரூபா ஆகிறது. சீசன் மாதமான ஏப்ரலைத் தவறவிட்டால் அப்புறம் மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும், அடுத்த சீசன் வரை ஒரு வருடம் போட் உங்கள் கராஜ் வாசலில் கிடந்தால் வட்டி மட்டும் 144,000 ரூபா, இரண்டு இலட்ச இலாபத்தில் மிஞ்சுவது லொறிக் கூலிக்கும் பிளக்குக்கும் காணாது.

சரி, விலை இறங்கி வருகிறது என்றால் போய்ப் பாருங்கள். எஞ்சினில் முதலில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் யாரோ ஓடவிட்டிருக்கிறார்கள், ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கலாம். ஒரு வருடம் நின்ற எஞ்சின் என்பதால் பழைய பெற்றோலை வடித்து, கார்பரேட்டரைக் கழுவிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதீர்கள், எஞ்சினைக் குளிராக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பிலுள்ள ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். பெரிய பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் கால் (புரொப்பெல்லர் உள்ள கீழ்ப்பகுதி) அதற்குள் இறங்கியிருக்க ஓடவிடுங்கள். எஞ்சினின் பக்கத்திலுள்ள சின்னத் துவாரத்திலிருந்து தண்ணீர் நிற்காமல் பீச்ச வேண்டும், விட்டுவிட்டு வந்தால் உள்ளே உப்பு அடைத்திருக்கலாம். கடலில் ஓடி நல்ல தண்ணீரில் கழுவப்படாத எஞ்சினுக்கு இது வழக்கமான வியாதி.

சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்பிரஷன் மீட்டர் உங்களிடம் இருக்கும். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் எஞ்சின் திறக்க வேண்டிய எஞ்சின், விலையும் அதற்கேற்றபடி இறங்க வேண்டும். கியர் பெட்டியின் கீழ் ஆணியைக் கொஞ்சம் தளர்த்துங்கள், எண்ணெய் பால் நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினா என்றும் கேளுங்கள். கரையோர மீன்பிடி போட்டுகளில் அது சகஜம், கரி நிறையப் படிந்திருக்கும்.

உடம்பில் ஒரே இடம்தான் எனக்குப் பயம், எஞ்சின் பூட்டியிருக்கும் பின்பலகை. பைபர் இருபது வருடம் தாங்கும், ஆனால் அதற்குள் வைத்திருக்கும் பலகை ஆணித் துவாரம் வழியாகத் தண்ணீர் குடித்து வெளியே தெரியாமல் உக்கிப்போகும். எஞ்சினின் கால்ப்பக்கத்தைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள், பின்பலகை சேர்ந்து அசைகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் அமுங்கி மொத்தென்று மாறினால் அங்கே உக்கல். இதைத் திருத்த உள்பலகையை வெட்டியெடுத்துப் புதிதாக வைத்து பைபர் போட வேண்டும், அதற்கு மலைநாட்டில் வேலை தெரிந்த பாஸ் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு.

மலைக்கென்றே ஒரு விஷயம். 1,000 அடி ஏற ஏற எஞ்சின் பலம் நூற்றுக்கு மூன்று வீதமளவில் குறையும். 6,000 அடிக்கு மேலிருக்கும் நுவரெலியாவில் இந்த 40 குதிரைவலு சுமார் 33 ஆகத்தான் நிற்கும். கொழும்பில் டியூன் பண்ணிய பைக் நானுஓயா ஏற்றத்தில் மூச்சு வாங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். காற்று மெல்லியது, கடல் மட்டத்துக்கென்று கார்பரேட்டரில் போட்ட ஜெட் (பெற்றோல் வரும் சின்னத் துவாரம்) பெற்றோலைக் கூடுதலாக விடுகிறது, பிளக் கறுக்கிறது. ஆகவே கறுத்த பிளக்கை மட்டும் பார்த்து எஞ்சின் தேய்ந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். சின்ன மெயின் ஜெட் மாற்றிப் பாருங்கள், வாங்க வருகிறவருக்கு ஓட்டிக் காட்டும்போதும் அது உதவும்.

பேப்பர் இல்லாமல் காசை நீட்டாதீர்கள். மீன்பிடி போட்டாக இருந்தது என்றால் கடற்றொழில் திணைக்களப் பதிவு எங்கே, யார் பெயரில் என்று பாருங்கள். எஞ்சின் தகட்டிலுள்ள இலக்கம் வாங்கிய பில்லோடு ஒத்துப்போக வேண்டும். இலக்கத்தைச் சுரண்டியிருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். களவு எஞ்சினை வாங்கினால் காசும் போகும், பெயரும் போகும்.

நீர்த்தேக்கம் மின் உற்பத்திக்கானது, போட்டை இறக்கி ஓட்டிப் பார்க்கலாமா என்று அதற்குப் பொறுப்பானவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாக் கோயில் தலைகாட்டும் அளவுக்கு நீர் இறங்குகிற மாதங்களில் காசல்ரீக் கரையும் சேறாகத்தான் கிடக்கும், போட் இறக்குவது சிரமம். ஓட்டும்போது உயிர்காப்பு அங்கி கட்டாயம், நீச்சல் தெரிந்திருந்தாலும்.

கேள்வி: என் கணவரும் கூட்டாளியும் சேர்ந்து இப்படி ஒரு போட் வாங்க என் நகையைக் கேட்கிறார்கள். கொடுக்கவா? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: தங்கச்சி, வாங்க வரும் ஆள் யார், அவர் முற்பணம் தருவாரா என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் நகை பெட்டியிலேயே இருக்கட்டும். கொடுப்பதென்றாலும் யார் எவ்வளவு போட்டார்கள், விற்காவிட்டால் நட்டம் யாருக்கு, நகையை யார் மீட்பது என்று எழுதி இருவரும் கையெழுத்து வைத்த பிறகு கொடுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, தயங்க வேண்டாம்.

கேள்வி: தண்ணீருக்குள் விழுந்து எடுத்த எஞ்சின் மலிவாக வருகிறது. வாங்கலாமா? (வாசகர், பண்டாரவளை)

பதில்: எடுத்த அன்றைக்கே நீரை வடித்து, எண்ணெய் விட்டு, ஓடவிட்டார்களா என்பதைப் பொறுத்தது. சில நாள் அப்படியே கிடந்திருந்தால் கிராங்க் பெயரிங் துருப்பிடித்திருக்கும், உப்புத்தண்ணீர் என்றால் இன்னும் மோசம். உதிரிப் பாகங்களின் விலைக்குக் கிடைத்தால் மட்டும் எடுங்கள்.