மனநல சிகிச்சைக்கு நேரில் போவது நல்லதா, வீடியோ காலில் பேசினாலே போதுமா?

மனச்சோர்வுக்காக இரண்டு விதமாகவும் சிகிச்சை எடுத்தவள் நான். முதலில் நேரில், பிறகு வேலை மாறியதால் வீடியோவில்.

உங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த அறைக்குக் கேட்குமோ என்ற பயமில்லாமல் ஒரு மணி நேரம் பேச முடியுமா? முடியாது என்றால் நேரில் போங்கள். அலைச்சல் மிச்சம், நேரம் மிச்சம் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். கணவரைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ பேச வேண்டியவர், அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எதைச் சொல்வார்? பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். வீட்டில் அடி வாங்குகிறவருக்கு அப்படிப் பேசுவது ஆபத்தும்கூட.

தனியறை இருந்தால் வீடியோவைத் தாராளமாக நம்பலாம். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு சிபிடி சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசியும் பயிற்சி செய்தும் மாற்றும் முறை) வீடியோவில் எடுத்தாலும் நேரில் எடுப்பதற்கு ஏறக்குறைய ஈடான பலன் கிடைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓசிடிக்கு, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய்க்கு, வீடியோவே சில சமயம் கூடுதல் வசதி. அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவருக்கு, அந்த அடுப்பு இருப்பது வீட்டில்தானே? போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று, மறுபடி பார்க்காமல் இருக்கப் பயிற்சி செய்யலாம். வெளியே இறங்கவே பயப்படுகிறவருக்கும் தொடங்குவதற்கு இது நல்ல வழி. ஆனால் வாசலைத் தாண்டும் பயிற்சியும் சீக்கிரமே சேர வேண்டும். பயந்ததைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும்.

சில நிலைமைகளில் நேரில் பார்த்தே ஆக வேண்டும். மனநிலையின் கடுமையான ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் மருந்தைச் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு, தைராய்டு, சிறுநீரகம் எல்லாவற்றையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். சாப்பிடுவதையே வெறுத்து மெலிந்துகொண்டே போகிறவரின் எடையையும் நாடித்துடிப்பையும் திரையில் அளக்க முடியாது. மனச்சிதைவுக்கான சில மருந்துகளால் கை கால் விறைத்துப்போகும். மருத்துவர் கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். யாரோ கேமரா வழியாகத் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நம்புகிறவரை வீடியோ முன்னால் உட்கார வைக்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வலுத்தால் அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாது. உடனே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

எனக்கு வீடியோவில் சிரமமாக இருந்தது மௌனம்தான். நேரில் நான் பேசாமல் அழுதுகொண்டிருந்தாலும் ஆலோசகர் கூடவே இருப்பது தெரியும். திரையில் சில நொடி அமைதி வந்தாலே லைன் கட்டாகிவிட்டதோ என்று மனம் ஓடும். என் முகமே எனக்குத் தெரிவதும் தொந்தரவாக இருந்தது. அதை மறைத்துவைத்த பிறகு பேச்சு இயல்பாக வந்தது. பேசி முடித்ததும் நேராக வீட்டு வேலைக்குள் நுழைவதையும் விட்டுவிட்டேன். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தால் பேசியது மனதில் தங்குகிறது.

வீடியோ என்று முடிவு செய்தால், முதல் நாளே ஆலோசகரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: பாதியில் இணைப்பு போனால் என்ன செய்வார், உங்கள் நிலை மோசமானால் யாரைக் கூப்பிடுவார். எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்றும் நெருங்கிய ஒருவரின் நம்பரையும் அவரே கேட்டால் சந்தேகப்படாதீர்கள். ஆபத்து நேரத்தில் உதவி அனுப்பத்தான் கேட்கிறார். அந்த இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் தராதவரிடம் நான் சிகிச்சையைத் தொடர மாட்டேன்.