கோழிக் கூண்டுக்குக் கோழி வலை போதாதா?

கோழி வலை என்பது மெல்லிய கம்பிகளை முறுக்கிப் பின்னிய அறுகோணக் கண் வலை. கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். நாயும் கீரியும் உள்ளே வராமல் தடுக்கப் போதாது. கயிற்றுக் கட்டிலில் ஒரு கயிறு அறுந்தால் சுற்றியுள்ளதும் தொய்கிற மாதிரி, ஒரு கம்பி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும். அதற்குப் பதில் வெல்டு மெஷ் என்ற சதுரக் கண் கம்பி வலை நல்லது. அதில் கம்பிகள் குறுக்கிடும் ஒவ்வொரு இடமும் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனால் ஒன்று போனாலும் மற்றவை நிற்கும். அதில் அரை அங்குலக் கண் உள்ளதை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் எலித் தொல்லையும் குறையும். அப்புறம், வலையைச் சட்டத்தில் பொருத்த ஆணி வேண்டாம். வாஷர் வைத்து ஸ்குரூ முடுக்குங்கள்.

சுற்றிலும் வலை அடித்தாலே பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். கீரி அடியில் தோண்டியும் வரும். வலையின் அடிப்பகுதியை ஒரு அடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைக்க வேண்டும்.