ஏரி பெரியது, குளம் சின்னது என்பது சரிதானா?

கேள்வி: ஏரி, குளம், குட்டை, கண்மாய், ஊருணி எல்லாம் ஒன்றுதானா, இல்லை அளவை வைத்துப் பெயர் மாறுகிறதா?

அளவை வைத்து மாறுவதில்லை. பள்ளிக்கூடத்தில் லேக் என்றால் ஏரி, பாண்ட் என்றால் குளம் என்று மனப்பாடம் செய்தோமே, அதனால் வந்த வினை இது. கிளிநொச்சி இரணைமடு கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீராகக் கிடக்கும், அது குளம். செங்கல்பட்டுப் பக்கம் கோடையில் மாடு மேயும் பத்து ஏக்கர் பள்ளத்துக்கும் ஏரி என்றுதான் பெயர்.

எனக்கே இது கல்யாணத்துக்கு அப்புறம்தான் உறைத்தது. நான் சிவகங்கைப் பக்கம், மனைவி மதுராந்தகம் பக்கம். முதல் பொங்கலுக்குப் போனபோது பேச்சுக் கொடுக்கலாமே என்று மாமனாரிடம் "கம்மாயில தண்ணி கெடக்கா மாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, "ஏரியக் கேக்கறீங்களா மாப்பிள்ளை?" என்றார். இரண்டும் ஒன்றேதான். சரிவில் ஓடி வருகிற மழைத்தண்ணீரைக் குறுக்கே மண்கரை போட்டு நிறுத்தி, மடை வழியாகக் கீழே இருக்கிற வயலுக்கு விடுவது. தோண்டி உண்டாக்குவது இல்லை, அதனால்தான் கரை பிறை மாதிரி வளைந்து கிடக்கும், தண்ணீர் வருகிற மேல்பக்கம் திறந்தே இருக்கும். இதைக் காஞ்சிபுரம், வேலூர், சேலம் பக்கமெல்லாம் ஏரி என்பார்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகரில் கண்மாய், வாய்ப்பேச்சில் கம்மாய். நெல்லை, தூத்துக்குடி, குமரிக்குப் போனால் அதுவே குளம். இலங்கையின் வன்னியிலும் குளம்தான். கோயம்புத்தூரில் நொய்யல் தண்ணீர் வந்து சேருகிற உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம் எல்லாமும் பாசனத்துக்குக் கட்டியவைதான், இப்போது அதைச் சொன்னால் அந்த ஊர்ப் பிள்ளைகளே நம்புவார்களோ என்னவோ.

அதனால் ஒரு நீர்நிலையின் பெயர் புரிய வேண்டும் என்றால் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அந்தத் தண்ணீரை வைத்து என்ன செய்கிறார்கள், அது எந்த ஊர்ப் பக்கம். எத்தனை ஏக்கர் என்பது அரசாங்கத்துக்கு மட்டும் தேவைப்படுகிற கணக்கு. அவர்களும் நீர்ப்பரப்பைப் பார்ப்பதில்லை, பாயும் நிலத்தைத்தான், அதாவது ஆயக்கட்டைத்தான் பார்க்கிறார்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். பெயர் ஏரியா கண்மாயா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

குளம் என்ற சொல்தான் நிறையப் பேரைக் குழப்புகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் வயலுக்கு ஆற்று வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடுவதால், அங்கே குளம் என்றால் குளிக்க, துவைக்க, மீன் பிடிக்க. சென்னைக்காரர்களுக்குக் குளம் என்றதும் நாலு பக்கமும் கல்படி கட்டிய கோயில் குளம்தான் கண்ணில் வரும். நெல்லைக்காரர் ஒருவர் "குளம் பெருகினாத்தான் நடவு" என்று சொல்வதைக் கேட்டு, கோயில் குளத்துத் தண்ணீரிலா நடவு நடுவார்கள் என்று என் மனைவி ஒருமுறை நிஜமாகவே சந்தேகப்பட்டாள். இதில் மன்னார்குடிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அவர்கள் ஊர்த் தெப்பக்குளத்தின் பெயர் ஹரித்ரா நதி. குளத்துக்குப் பெயர் நதி!

ஊருணி வேறு சாதி. அது குடிக்கிற தண்ணீர். கண்மாய் மாதிரி இல்லாமல் தோண்டி, நாலு பக்கமும் கரை எடுத்து, ஓரிடத்தில் படித்துறை விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கண்மாய்க்குள் எருமையோடு சேர்ந்து நாங்களும் கிடந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஊருணியில் காலை நனைத்தால் முதுகில் விழும். நான் வாங்கியிருக்கிறேன். அடித்தது என் அப்பா இல்லை, அந்த வழியாகப் போன யாரோ ஒரு பெரியவர், வீட்டில் வந்து சொன்னதற்கு அப்பாவிடம் இன்னொன்று விழுந்தது. 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்று ஊருக்கு உதவுகிற அறிவாளியின் செல்வத்துக்கு வள்ளுவர் உவமை சொன்னார். ஆனால் ஊருக்கே பொது என்று பெயர் வைத்துக்கொண்டு யார் அதில் குடத்தை இறக்கலாம், யார் கூடாது என்று சாதி பார்த்த ஊர்களும் உண்டு, அதையும் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது.

குட்டைக்கு மடை கிடையாது, ஆயக்கட்டு கிடையாது, மரியாதையும் கிடையாது. மாடு இறங்கும், கோடையில் முதலில் காயும், 'ஒரே குட்டையில் ஊறிய மட்டை' என்று திட்டுவதற்கும் உதவும். வேளாண் துறை பண்ணைக்குட்டை என்று திட்டம் போட்ட பிறகுதான் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் கௌரவம் வந்தது. தாங்கல், ஏந்தல் இரண்டும் சின்னப் பாசன ஏரிகள்தான். தண்ணீரைத் தாங்குவது தாங்கல், ஏந்துவது ஏந்தல். இன்றைக்கு அவை பெரும்பாலும் ஊர்ப் பெயராகத்தான் மிஞ்சியிருக்கின்றன. பழவந்தாங்கலில் ரயிலைப் பிடிக்கிற எத்தனை பேருக்குத் தாங்கல் ஞாபகம் வரும்?

சுனை என்பது பாறையில் ஊறி நிற்பது, மலை இல்லாமல் சுனை இல்லை. பொய்கை அல்லியும் தாமரையும் பூத்துக் கிடப்பது, இப்போது பாட்டிலும் திருப்பரங்குன்றம் சரவணப்பொய்கை மாதிரிக் கோயில் பெயரிலும்தான் இருக்கிறது. கேணி எங்களுக்குக் கிணறு, ஆனால் யாழ்ப்பாணத்தில் படிகட்டிய சின்னக் குளம், கீரிமலையில் கடலை ஒட்டி இருப்பது அந்தக் கேணிதான். வாவி என்றால் பழைய பாட்டுகளில் தாமரைக்குளம், மட்டக்களப்பில் கடலோடு சேருகிற உவர்நீர்ப் பரப்பு. இலஞ்சி என்றாலும் பழைய பாட்டுகளில் குளம்தான், இப்போது குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராகிவிட்டது. கயம் என்கிற பழஞ்சொல் செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன், தாமிரபரணியில் குளிக்க இறங்கியபோது ஒரு பாட்டி "அங்கன போவாதய்யா, கசம் கெடக்கு" என்று கத்தியதும் அது உயிரோடுதான் இருக்கிறது என்று தெரிந்தது. ஆற்றுக்குள் ஆளை முழுங்குகிற ஆழம், அதுதான் கசம். நிகண்டுகள் இதில் பலவற்றையும் நீர்நிலை என்று ஒரே வரிசையில் அடுக்கிவிட்டுப் போய்விடும், கசத்தில் கால் வைத்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது. நிறைந்து வழிவதற்கும் ஊருக்கு ஒரு பேச்சு உண்டு. மாமனார் ஊரில் "ஏரி கோடி போவுது". எங்கள் ஊரில் "கலுங்கு பாயுது". நெல்லையில் "மறுகால் பாயுது". என்னோடு வேலை பார்க்கும் வவுனியா நண்பர் ஒரு டிசம்பரில் ஊரிலிருந்து, "எங்கட குளம் வான் பாயுது" என்று செய்தி அனுப்பினார். நான் பதறிப்போய் அவ்வளவு மழையா, வீட்டில் எல்லோரும் பத்திரமா என்று கேட்டேன். "மழை விட்டு ரெண்டு நாளாச்சு," என்றார், "நாங்கள் குடும்பத்தோட வான் பாயுறதப் பாக்க வந்து நிக்கிறம்."