வீசிங் இருக்கும் பிள்ளை ஓடலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பனிக்காலத்தில் வீசிங் வரும். டாக்டர் சொல்லி இன்ஹேலர் வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் பள்ளி விளையாட்டு விழா. 50 மீட்டர் ஓட்டத்துக்கும் சாக்கு ஓட்டத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். பள்ளியில் ஃபிட்னெஸ் சர்டிபிகேட் கேட்கிறார்கள். மாமியார் ‘ஓடவே கூடாது’ என்கிறார். என்ன செய்யட்டும் டாக்டர்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஓடட்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு 50 மீட்டர் என்பது பத்துப் பன்னிரண்டு நொடி வேலை. நிறுத்தாமல் ஐந்தாறு நிமிடம் ஓடினால்தான் இந்த மூச்சிரைப்பு பெரும்பாலும் தலைகாட்டும். அதுவும் பல நேரம் ஓடி முடித்து உட்கார்ந்த பிறகுதான் வரும். அதனால் போட்டோ எடுத்த கையோடு அவளைக் கூட்டத்தில் விட்டுவிடாதீர்கள். ஒரு கால் மணி நேரம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயமெல்லாம் சாக்கில்தான். வருடம் முழுக்க ஸ்டோர் ரூமில் கிடந்த கோணியை அன்று காலையில் எடுத்து வருவார்கள். அரிசித் தவிடு, சிமெண்ட் தூள், எலிப் புழுக்கை, எல்லாம் அதில் இருக்கும். பிள்ளை அதை இடுப்புவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு குதிக்கும்போது தூசி நேராக மூக்குக்குத்தான் போகும். வீட்டிலிருந்து உதறி வெயிலில் போட்ட சாக்கு ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். பி.டி. மாஸ்டர் மறுத்தால் அந்த ஒரு போட்டியை விட்டுவிடுங்கள். லெமன் அண்ட் ஸ்பூனில் சேர்த்துவிடலாம்.

அப்புறம் இன்ஹேலர். ஓடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால், உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு, ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டுகிற பிளாஸ்டிக் குழாய்) வைத்து. முன்கூட்டியே போட வேண்டுமா என்று அவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ‘இன்ஹேலர் பழகிவிடும்’ என்று மருந்துக் கடைக்காரர் சொல்லி சிரப் பாட்டிலை நீட்டுவார். வாங்காதீர்கள். சிரப் வேலை செய்ய நேரமாகும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். நுரையீரலுக்குப் பலம் தரும் என்று பயிற்சி வகுப்பில் விற்கிற பவுடரும் வேண்டாம், காசுதான் தண்டம்.

ஒரு விதிவிலக்கு. விழாவுக்கு முந்தைய வாரம் சளி பிடித்தால்? வெறும் மூக்கு ஒழுகினால் ஓடலாம். ராத்திரி இருமி எழுந்தால் ஓடக் கூடாது. இருமல் இல்லை, ஆனால் முந்தின நாள் ராத்திரி இன்ஹேலர் தேவைப்பட்டது என்றாலும் ஓடக் கூடாது. காலையில் நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் படியேறினால் இருமுகிறாள் என்றால்? அப்போதும் கூடாது. ‘பெயர் கொடுத்தாயிற்றே, அழுவாளே’ என்பீர்கள். அழட்டும். சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவாள்.

சரி, சர்டிபிகேட். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடை ஒன்றில் சீல் போட்ட தாளே தயாராக இருக்கிறது. பெயரை எழுதி, காசைக் கொடுத்தால் போதும். பிள்ளையின் நெஞ்சில் யாரும் ஸ்டெதஸ்கோப் வைப்பதில்லை. வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடமே வாங்குங்கள். அதில் ‘வீசிங் உண்டு, இன்ஹேலர் உடன் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘நலமாக இருக்கிறாள்’ என்ற தாள் பள்ளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. அந்த ஒரு வரிதான் உங்கள் பிள்ளைக்கு. தாளைக் கேட்கிற பள்ளிகளில் எத்தனை பேருக்கு ஸ்பேசரை எந்தப் பக்கம் வாயில் வைப்பது என்று தெரியும்? ஒரு பள்ளி விழாவுக்கு நானே போயிருந்தேன். மூச்சிரைத்த பையனின் இன்ஹேலர் ஆபீஸ் பீரோவில், சாவி கிளார்க்கிடம், கிளார்க் பரிசுக் கோப்பை எடுக்கப் போயிருந்தார். நல்லவேளை, என் காரில் ஒன்று இருந்தது.

ஆகவே மருந்தைப் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். மாமியாரை மைதானத்துக்கு அழைத்துப் போய், இன்ஹேலர் பையை அவர் மடியில் கொடுங்கள். எப்படிக் குலுக்குவது, எப்படி வைப்பது என்று முந்தின நாளே இரண்டு தடவை செய்து காட்டுங்கள். பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புக்கு நடுவில் சதை உள்வாங்கினாலோ, மருந்து போட்டும் குறையவில்லை என்றாலோ பரிசளிப்புக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.