'வித் மீ'யா, 'வித் ஐ'யா? ஆங்கில முன்னிடைச்சொல் பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

'இன்', 'ஒன்', 'அட்', 'டு', 'வித்', 'ஃபோர்'. பெயருக்கோ பிரதிப்பெயருக்கோ முன்னால் வரும் முன்னிடைச்சொற்கள் ('ப்ரெபொசிஷன்') இவை. பார்க்கச் சின்னச் சொற்கள். ஆனால் ஆங்கிலம் ஓரளவு பேச வருகிறவர்களும் தடுமாறுவது இவற்றில்தான். வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

மல்லாவி, சாதாரண தர மாணவி: ரீச்சர், 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று எழுதினேன். பிழை என்று வெட்டிவிட்டார்கள். 'யூ அண்ட் ஐ' சரிதானே?

வெட்டியது சரிதான் பிள்ளை. 'யூ அண்ட் ஐ' எழுவாயாக வந்தால் சரி. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் அந்த வடிவம் நிற்காது. 'ஐ' என்பது 'மீ' ஆகும், 'ஹீ' 'ஹிம்' ஆகும், 'ஷீ' 'ஹேர்', 'வீ' 'அஸ்', 'தே' 'தெம்'. 'யூ'வும் 'இட்'டும் மாறுவதில்லை. 'யூ' மாறாமல் முன்னால் நிற்பதால், பின்னால் வருகிறதும் மாறாது என்று நினைத்துவிடுகிறோம்.

சந்தேகம் வந்தால் மற்ற ஆளை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். 'ஷீ கேம் வித் மை பிரதர் அண்ட் ஐ' என்பதில் தம்பியை எடுத்தால் 'ஷீ கேம் வித் ஐ' என்று நிற்கும். பிழை என்று காதுக்கே தெரியும். 'பிட்வீன்' என்றால் இரண்டு பேர் வேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கே இருவருக்கும் சேர்த்து ஒரு சொல் போட்டுப் பாருங்கள். 'பிட்வீன் அஸ்' என்றுதான் வரும், 'பிட்வீன் வீ' என்று வராது. ஆகவே 'பிட்வீன் யூ அண்ட் மீ'.

பெயர்ச்சொல்லில் இந்தத் தொல்லை இல்லை. தமிழில் மரம், மரத்தில், மரத்துக்கு என்று மாறும். ஆங்கிலத்தில் 'ட்ரீ' எந்த முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் நின்றாலும் 'ட்ரீ'தான்.

மாங்குளம், ஓட்டோ ஓட்டும் ஒருவர்: வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என் ஓட்டோவில் ஏறுவார்கள். 'ஒன் த ஓட்டோ'வா, 'இன் த ஓட்டோ'வா? பஸ்ஸுக்கு மட்டும் ஏன் 'ஒன்'?

'இன் த ஓட்டோ' என்று சொல்லுங்கள் அண்ணை. உள்ளே எழும்பி நின்று நடக்கக்கூடிய வாகனத்துக்குப் பெரும்பாலும் 'ஒன்' வரும்: பஸ், ரயில், கப்பல், விமானம். யாழ்தேவி ரயிலில் வந்தவர் 'ஒன் த யாழ்தேவி' என்பார். குனிந்து ஏறி, இருந்தபடியே போகிற கார், வான், ஓட்டோ எல்லாம் 'இன்'. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மேலே ஏறி இருப்பவை, அதனால் திரும்பவும் 'ஒன்'. ஏறச் சொல்ல 'கெட் இன்', இறங்க 'கெட் அவுட்'. பஸ் என்றால் 'கெட் ஒன்', 'கெட் ஓஃப்'.

'பை பஸ்', 'பை ட்ரெயின்' என்று 'பை' போட்டால் நடுவில் 'த', 'மை' எதுவும் வராது. 'பை மை பைக்' பிழை, 'ஒன் மை பைக்' சரி.

இடம் சொல்லவும் உங்களுக்கு உதவும்: 'அட் மாங்குளம் ஜங்ஷன்', 'ஒன் த ஏ9', 'இன் கிளிநொச்சி'. ஒரு புள்ளியாக நினைக்கிற இடத்துக்கு 'அட்', தெருவுக்கு 'ஒன்', ஊருக்கும் மாவட்டத்துக்கும் 'இன்'.

பரந்தன்: நேரத்துக்கு எது வரும்?

மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஒன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. 'இன் த மோர்னிங்' சரி, ஆனால் நாளைச் சேர்த்தால் 'ஒன் மண்டே மோர்னிங்'. 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' வந்தால் ஒன்றுமே வேண்டாம்: 'ஐ வில் கம் நெக்ஸ்ட் மண்டே'.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்: மகன் 'ஐ வென்ட் டு ஹோம்' என்று எழுதுகிறான். 'டு ஸ்கூல்' சரியாம், 'டு ஹோம்' பிழையாம். என்ன வித்தியாசம்?

'கோ ஹோம்' என்னும்போது 'ஹோம்' என்ற சொல்லே 'வீட்டுக்கு' என்ற பொருளைத் தந்துவிடுகிறது அக்கா. 'ஹியர்', 'தெயர்', 'அப்ரோட்' ஆகியவையும் அப்படித்தான். 'கோயிங் டு அப்ரோட்' நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிற பிழை. 'கோயிங் அப்ரோட்' போதும். நாட்டின் பெயரைச் சொன்னால் 'டு' வேண்டும்: 'கோயிங் டு கனடா'. வீட்டையும் 'ஹவுஸ்' என்றால் 'டு மை ஹவுஸ்'.

பள்ளிக்கூடத்தில் இன்னொன்று இருக்கிறது. படிக்கப் போகிற மகன் 'டு ஸ்கூல்' போகிறான். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிற நீங்கள் 'டு த ஸ்கூல்' போகிறீர்கள். ஆஸ்பத்திரியும் இப்படித்தான்: படுத்திருக்கும் நோயாளி 'இன் ஹொஸ்பிடல்', பார்க்கப் போகிறவர் 'டு த ஹொஸ்பிடல்'. இது நாம் படிக்கிற பிரித்தானிய வழக்கு. அமெரிக்கர் நோயாளிக்கும் 'இன் த ஹொஸ்பிடல்' என்பார்கள். 'சேர்ச்' பூசைக்கு என்றால் 'த' இல்லாமல் வரும். கோயிலுக்கு அந்தச் சலுகை இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனாலும் 'டு த டெம்பிள்'தான்.

ஒட்டுசுட்டான், தொண்டு நிறுவனமொன்றில் வேலை செய்பவர்: அறிக்கையில் 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் த டாங்க்' என்று எழுதினேன். 'அபௌட்'டை எடுக்கச் சொன்னார்கள். குளத்தைப் பற்றித்தானே பேசினோம்?

தம்பி, 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. 'வீ டிஸ்கஸ்ட் த டாங்க்' போதும். ஆனால் அதே சொல் பெயராக மாறினால் 'அபௌட்' வந்துவிடும்: 'வீ ஹாட் அ டிஸ்கஷன் அபௌட் த டாங்க்'. குழப்பம் பிறக்கிற இடம் இதுதான். 'ரிக்வெஸ்ட்'டைப் பாருங்கள். வினையாக 'வீ ரிக்வெஸ்டட் சீட் பாடி', விதைநெல் கேட்டோம். பெயராக 'அவர் ரிக்வெஸ்ட் ஃபோர் சீட் பாடி'. அறிக்கை எழுதுகிறவர்கள் சொல் வினையா பெயரா என்று ஒரு கணம் பார்த்தாலே பாதிப் பிழை போய்விடும்.

'மென்ஷன்', 'ரீச்', 'ஆன்சர்', 'ஃபோன்' ஆகிய வினைகளும் பெயரை நேரே எடுக்கும். 'ஐ ஃபோன்ட் ஹிம்', நடுவில் 'டு' இல்லை. 'மரி'யும் இதில் சேரும்: 'ஹீ மரிட் ஹேர்'. ஆனால் கலியாணம் முடித்து வாழ்கிற நிலையைச் சொன்னால் 'ஹீ இஸ் மரிட் டு ஹேர்'. எங்கேயும் 'வித்' இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் 'எக்ஸ்பிளெயின்'. 'எக்ஸ்பிளெயின் மீ' என்று சொல்லக்கூடாது, 'எக்ஸ்பிளெயின் இட் டு மீ'. 'டெல் மீ' சரி, 'சே மீ' பிழை.

வவுனியா, தாதியர் பயிற்சியில் இருப்பவர்: 'லுக் ஆஃப்டர் ஹிம்' சரி, 'பிக் அப் ஹிம்' பிழை என்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கிறது?

வெளித்தோற்றம் மட்டும்தான் ஒன்று. 'லுக் ஆஃப்டர்' என்பதில் 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல், ஆகவே பெயரோ, 'ஹிம்', 'இட்' போன்ற பிரதிப்பெயரோ அதற்குப் பின்னால்தான் வரும். 'பிக் அப்' என்பதில் 'அப்' வினையின் ஒரு துண்டு. பெயர்ச்சொல் என்றால் 'பிக் அப் த சைல்ட்', 'பிக் த சைல்ட் அப்' இரண்டும் சரி. பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் இருக்கவேண்டும்: 'பிக் ஹிம் அப்'. வார்டில் தினமும் வருகிற 'சுவிட்ச் இட் ஓஃப்', 'த்ரோ இட் அவே' எல்லாம் இந்த வகை. 'வெயிட் ஃபோர் மீ', 'லிசன் டு ஹேர்', 'லுக் அட் இட்' முதல் வகை. 'ஹிம்' அல்லது 'இட்' சேர்த்து முழுத்தொடராகவே மனனம் செய்யுங்கள். வினையை மட்டும் படித்தால் பிரதிப்பெயர் எங்கே நிற்கும் என்று தெரியாது.

முள்ளியவளை: 'அ ஃப்ரெண்ட் ஒவ் மீ' சரியா?

'அ ஃப்ரெண்ட் ஒவ் மைன்'. அதேபோல் 'ஒவ் ஹிஸ்', 'ஒவ் ஹேர்ஸ்', 'ஒவ் அவர்ஸ்'. 'அ ஃபோட்டோ ஒவ் மீ' என்றால் படத்தில் இருப்பது நான். 'அ ஃபோட்டோ ஒவ் மைன்' என்றால் படம் என்னுடையது, அதில் யாரும் இருக்கலாம்.

விசுவமடு, வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர்: கடித முடிவில் 'ஐ லுக் ஃபோர்வர்ட் டு மீட் யூ' என்று எழுதலாமா?

'டு மீட்டிங் யூ' என்று எழுதுங்கள். இங்கே 'டு' முன்னிடைச்சொல். வினை வந்தால் பெயர்போல் 'இங்' சேர்த்துத்தான் வரவேண்டும். எந்த 'டு' என்று பார்க்க, வினை இருந்த இடத்தில் ஒரு பெயரை வையுங்கள். 'லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்துகிறது, ஆகவே 'இங்' வேண்டும். 'வோன்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்தாது, ஆகவே 'வோன்ட் டு மீட்'. 'யூஸ்ட் டு'வில் கவனம்: 'ஐ யூஸ்ட் டு வோர்க் தெயர்' என்றால் முன்பு அங்கே வேலை செய்தேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு வோர்க்கிங் தெயர்' என்றால் அங்கே வேலை செய்து பழக்கம். அனுபவத்தைச் சொல்லும் கடிதத்தில் இது மாறினால் பொருளே மாறிவிடும்.

கடிதத்தின் முதல் வரியையும் ஒருமுறை பாருங்கள். வேலைக்கு 'அப்ளை ஃபோர்', நிறுவனத்துக்கு 'அப்ளை டு'.