இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடர்ந்து நடத்துவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி முதல்வர்): ஸ்டுடியோ கட்டி, பாட வீடியோ எல்லாம் எடுத்து முடித்துவிட்டோம். இனிப் பெரிய செலவு இருக்காதுதானே?

பதில்: இனிமேல்தான் சார் செலவே! சந்தேகம் தீர்க்க, அசைன்மென்ட் திருத்த ஆள் வேண்டும். பருவத்துக்குப் பருவம் புதுக் கேள்வித்தாள், தேர்வு மையம் வேண்டும். பிரிட்டனில் அரசுப் பணத்தில் 'யூகே இ-யுனிவர்சிட்டி' என்ற இணையப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். யார் சேருவார்கள் என்று பார்க்காமல் தளத்தில் பணத்தைக் கொட்டினார்கள். சுமார் 5 கோடி பவுண்டு கரைந்தது, சேர்ந்தவர்களோ ஏறத்தாழ 900 பேர். 2004-ல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

கேள்வி: கட்டணத்தைக் குறைத்தால் கட்டுபடியாகுமா?

பதில்: ஆள் சேர்ந்தால் ஆகும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014 ஜனவரியில் கணினி அறிவியல் முதுகலையை இணையத்தில் தொடங்கியது. மொத்தக் கட்டணம் 7,000 டாலரை ஒட்டித்தான். முதலில் ஏடி அண்ட் டி என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் கைகொடுத்தது. இப்போது 10,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். தகுதி இருந்தால் இடம் உண்டு, ஆனால் முதல் ஆண்டுக்குள் அடிப்படைப் பாடங்கள் இரண்டில் 'பி' கிரேடாவது எடுத்தாக வேண்டும். எனக்கு இன்னொன்று இதைவிடப் பிடித்தது. அங்கே படித்து முடித்தவர்களே பலர், வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேர உதவி ஆசிரியர்களாகத் திரும்பி வருகிறார்கள். விடைத்தாள் திருத்த ஆள் தேடி அலைய வேண்டாம் பாருங்கள்!

கேள்வி (மாணவர்): அண்ணா, சென்னை ஐஐடியின் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிக்கிறேன். வேலையும் இருக்கிறது. ஒரே டேர்மில் நாலு பாடம் எடுத்து முழி பிதுங்குகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீங்க தம்பி. அடுத்த டேர்மில் ரெண்டு பாடம் போதும். எடுக்கும் பாடத்துக்குத்தான் பணம். முழு பிஎஸ் முடிக்காமல் நடுவில் டிப்ளமோவோடு நிறுத்தினாலும் கையில் சான்றிதழ் இருக்கும், பிஎஸ்சி வரை போனால் பட்டமே இருக்கும். மெதுவாகப் படிப்பவரையும் இப்படித் தக்கவைத்துக்கொண்டால் படிப்புக்கும் வருமானம் நிற்காது.

கேள்வி: தேர்வையும் வீட்டிலிருந்தே எழுதவிட்டால் செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான். பட்டத்துக்கு இருக்கிற மரியாதையும் கூடவே போய்விடும். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையப் பாடத் திட்டம், பாடத்தை இலவசமாகக் கொடுக்கிறது, நேரில் எழுதும் தேர்வுக்கு மட்டும் கட்டணம் வாங்குகிறது. நல்ல ஏற்பாடு.

கேள்வி: ஒரு தனியார் நிறுவனம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறது. வருமானத்தில் பாதி கேட்கிறது.

பதில்: பல்கலைக்கழகங்களுக்கு இணையப் படிப்பு நடத்திக்கொடுக்கும் அமெரிக்க நிறுவனம் 2யூ. 2021-ல் எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தை 80 கோடி டாலருக்கு வாங்கிய அதுவே 2024 ஜூலையில் திவால் மனு போட்டது. உங்களிடம் பேசும் நிறுவனமும் நாளை இல்லாமல் போனால் வீடியோவும் மதிப்பெண் பதிவும் யார் கையில் இருக்கும்? அதை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி (பேராசிரியை): வீடியோக்களை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும்?

பதில்: கால்குலஸ் அப்படியே இருக்கட்டும் மேடம். மென்பொருள் பாடம்தான் சீக்கிரம் பழசாகும். பத்து நிமிடத் துண்டுகளாக எடுத்தால் பழசான துண்டை மட்டும் மாற்றலாம். அப்புறம், "போன வாரம் பார்த்தோமே" என்று பேசாதீர்கள். பாட வரிசை மாறினால் அந்த ஒரு வரிக்காக மறுபடி ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியிருக்கும்.